பழைய ஆலைக் கல்லில் இரண்டு தேங்காய்

சனிக்கிழமை, காலை 9.20. மொன்றியல் நகரத்து வில்லரேயில் வீட்டை விட்டு இறங்கும்போதே எனக்குக் களைப்பு. செயின்ட்-மிஷேலில் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து இரண்டு மணித்தியாலம்தான் படுத்திருந்தேன். மனைவி சாந்தி விடவில்லை. அவளுடைய மார்புக் கட்டியில் செய்த சோதனையின் முடிவு செவ்வாய்க்கிழமை. அதற்குமுன் ஆற்றங்கரையில் இருக்கும், மொன்றியல் தீவிலேயே பழைய மாதா கோவிலில் தேங்காய் உடைக்க நேர்ந்திருக்கிறாள். நாங்கள் சைவம். ஆனால் அவள் எந்தக் கடவுளையும் விட்டுவைப்பதில்லை.

“சோதனை முடிவு வாங்க நான் தனியப் போறன், நீங்கள் வேலைக்குப் போங்கோ. இதுக்கு மட்டும் வாங்கோ” என்றாள்.

எங்கள் ஜாரி நிலையத்திலிருந்து வடக்கே மூன்று மெட்ரோ நிலையம். ஆளுக்கு மூன்று டொலர் எழுபத்தைந்து சதம். பிறகு பஸ், மிகுதி நடை. இருபத்தெட்டு வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறேன். இப்படியொரு பழைய கிராமம் இவ்வளவு கிட்ட இருப்பது தெரியாது. நான் வேலைக்குப் போகும் பஸ் இந்தப் பக்கம் வருவதில்லை.

10.15. கருங்கல் கோவில், இரட்டைக் கோபுரம். உள்ளே மரச்செதுக்கல்; சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம், கால் விறைத்தது. வெளியே வந்து படியில் தேங்காயை ஓங்கினேன். கூட்டிக்கொண்டிருந்த கிழவர் தும்புத்தடியை நீட்டி மறித்தார். “இங்கே வேண்டாம். யாராவது வழுக்கி விழுவார்கள். ஆற்றங்கரைப் பழைய ஆலைப் பக்கம் போங்கள், வாத்துகள் தின்னும்” என்றார் பிரெஞ்சில்.

“என்னவாம்?” என்றாள் சாந்தி.

“உம்மட நேர்த்தி வாத்துக்காம்.”

“பகிடி விடாதையுங்கோ.”

10.50. ஆற்றுக்குக் குறுக்கே அணை, அதன்மேல் ஆலையின் இடிந்த சுவர். பாதிரிமார் கிட்டத்தட்ட முந்நூறு வருடத்துக்கு முன் கட்டியது. கோதுமை மா அரைத்தார்கள், மரம் அரிந்தார்கள். பக்கத்தில் ஆலைக்காரன் வீடும், ஆப்பிள் பிழிந்த வீடும் நிற்கின்றன. அதற்கும் முன்னால் இந்தக் கரையில் ஆதிக்குடிகளைக் குடியிருத்தி, பிறகு தூரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய வீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஊரைவிட்டு வந்த எனக்கு இந்தக் கதை புதிதில்லை.

சாந்தி கோவில் பக்கம் திரும்பிக் கண்ணை மூடினாள். நான் கல்லில் அடித்தேன். சாம்பல் நிறத் தண்ணீர், அழுகல் நாற்றம். கடைக்காரன், “முத்தின காய் அண்ணை, பயப்படாதையுங்கோ” என்று தட்டித் தட்டித் தந்த காய். மொன்றியல் தேங்காயை நான் நம்புவதில்லை. அதனால் அவளுக்குத் தெரியாமல் இன்னொன்றை ஜக்கெட்டுக்குள் கொண்டுவந்திருந்தேன். அழுகலைக் காலால் ஆற்றுக்குள் தள்ளிவிட்டு அதை உடைத்தேன். சரி பாதி, வெள்ளை வெளேரென்று. கண்ணைத் திறந்து பார்த்தாள். ஒரு பாதியை வாத்துகளுக்கு வைத்தாள், மற்றதைப் பையில் போட்டாள்.

12.05, திரும்பும் மெட்ரோ. எனக்குக் கண் சொருகியது.

“ரண்டு சத்தம் கேட்டது” என்றாள்.

“முதல் அடி வழுக்கிப்போச்சு.”

“எனக்கு மூக்கு இருக்கு, கண்டியளோ.”

ஜாரி வந்தது. எழும்பும்போது என் ஜக்கெட் கையைப் பிடித்தாள்.

“செவ்வாய்க்கிழமை நீங்களும் வாங்கோ.”

“ஓம். வாறன்.”