சபை எங்களைக் குளிப்பாட்டிய நாள்

போன வாரம் குற்றாலத்திலிருந்து தென்காசிக்குத் திரும்பும் பஸ்ஸில், ஈரத்தலையோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சீயக்காய் சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது; நல்லெண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது. மற்றவர்களுக்கு அந்த வாசம் தீபாவளியை ஞாபகப்படுத்தும். எனக்கு உபகார சபையைத்தான் ஞாபகப்படுத்துகிறது. உங்களுக்கு அந்தச் சபையைத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் இழப்பு ஒன்றுமில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அது சண்டைக்காலம். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரத்து நின்றது. கொஞ்ச நாளில் நூல் வரத்தும் நின்றது. தென்காசியில் எங்கள் தெரு முழுக்கத் தறிதான். கல்யாணமாகி வந்த நாள் முதல் எனக்குத் தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வேலை. நூல் இல்லாததால் அதை விட்டுவிட்டு, பட்டினி கிடப்பதையே முழுநேர வேலையாகப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் மாமியாரும். மடியில் ஆறு மாசப் பிள்ளை. எனக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது.

எங்களை மாதிரிக் குடும்பங்களுக்காகவே ஊரில் அந்தச் சபை இருந்தது. தலைவர், அரிசி மில் முதலாளி. செயலாளர், பென்ஷன் வாங்கிய தாசில்தார். மற்றபடி சில வக்கீல்கள், ஒரு ஜவுளிக்கடைக்காரர். வாராவாரம் கூடி எங்கள் வறுமையை நினைத்து விசாரப்படுவார்கள். விசாரப்பட்டால் களைப்பு வருமல்லவா, வடையும் காப்பியும் வரும். சாரல் தொடங்கிவிட்டால் கூட்டம் குற்றாலத்தில் தலைவருடைய பங்களாவுக்கு மாறிவிடும். குளிர்ச்சியான இடத்திலிருந்து பார்த்தால் அடுத்தவர் கஷ்டம் துலக்கமாகத் தெரியும் போலிருக்கிறது.

ஒருநாள் செயலாளர் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். "உங்க எல்லாருக்கும் சபை ஒரு பெரிய உபகாரம் செய்யப்போகுது" என்றார். அரிசிதான் என்று நினைத்து என் மாமியார் உள்ளே போய் ஓலைப்பெட்டியைக்கூட எடுத்து வந்துவிட்டாள். பெட்டியைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "குற்றாலத்துல எண்ணெய்க் குளி. மூலிகைத் தண்ணி. உடம்புச் சோர்வு போயிட்டா ஜனங்களுக்கு உழைக்க ஆசை வரும்னு சபை அபிப்பிராயப்படுது."

மாமியார் மெதுவாகக் கேட்டாள். "குளிச்சிட்டு என்னய்யா செய்ய?"

"குளிச்சிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான்."

போகாமலிருந்தால் பின்னால் அரிசி கொடுக்கும்போது நம்மை விட்டுவிடுவார்களோ என்று பயந்து எல்லாரும் போனோம். சபையார் வில்வண்டியில் வந்தார்கள். நடப்பது ஆரோக்கியம் என்பதால் அதை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த வீட்டுப் பேச்சியக்கா இடுப்பில் ஒரு சின்னக் குப்பியைச் செருகி வந்திருந்தாள். எண்ணெயைத் தலையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தை அதில் ஊற்றி, வீட்டில் ஒரு குழம்பாவது தாளிக்கலாம் என்று அவளுக்கு எண்ணம். சபை லேசுப்பட்டதா? யார் கையிலும் கொடுக்காமல் ஆள் வைத்து உச்சந்தலையிலேயே ஊற்றியது. ஊற்றிய பிறகு செயலாளர் சோம்பலைப் பற்றி நெடுநேரம் பேசினார். நெற்றியில் எண்ணெய் வழிய வழிய, நாங்கள் எங்கள் சோம்பலை நினைத்து நின்றோம்.

குற்றாலத்தில் குளித்திருப்பீர்கள். அருவி முதுகில் குத்தி இறங்கிய பிறகு எப்படிப் பசிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பசிக்காதவனுக்கே பசி வரும் தண்ணீருக்கு, பட்டினி கிடந்த தெருவையே கூட்டிப்போன பெருமை அந்தச் சபைக்குத்தான் சேரும்.

பெண்களை மேற்பார்வை பார்க்கத் தலைவரின் மனைவி ஆவுடையாச்சி வந்திருந்தாள். அவளும் எங்களோடு அருவியில் நின்றாள். கரையேறி, நடுங்கிக்கொண்டே பாறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பார்த்தேன். அது ரெண்டு வாய் சப்பிவிட்டு முகத்தைத் திருப்பி அழுதது.

"ஏட்டி, பிள்ளை ஏன் இப்படி அழுவுது?"

"பால் இல்ல, ஆச்சி."

"ஏன் இல்ல?"

பேச்சியக்காதான் சேலையைப் பிழிந்தபடி சொன்னாள். "சோறு தின்னாத்தான பால் ஊறும்? நேத்து மத்தியானம் ஆளுக்கு ஒரு கும்பா கஞ்சி குடிச்சோம். இன்னும் ஒண்ணும் தின்னல."

ஆச்சி பிள்ளையின் ஒட்டிய வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நான் காலையில இட்லி தின்னுட்டு வந்தேன். எனக்கே குடலைப் பிடுங்குது" என்றாள். எழுந்து, ஈரச்சேலையை இழுத்துச் செருகினாள். "எல்லாரும் வாங்க."

பங்களாவில் சபையாருக்கு இலை போட்டிருந்தது. உபகாரம் இனிதே முடிந்ததைக் கொண்டாட வேண்டாமா? சாம்பார் வாசம் வாசல் வரை வந்தது. நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம். ஆச்சி உள்ளே போய்ச் சமையல்காரரிடம், "இவங்களுக்கு முதல்ல போடும்" என்றாள்.

தலைவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "இது சபைத் தீர்மானத்துல இல்லையே" என்றார்.

"தீர்மானத்தைச் சாயந்தரம் போட்டுக்கிடுங்க. இப்ப தள்ளி நில்லுங்க, சோறு வருது."

அந்த வீட்டில் அவள் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை என்று சமையல்காரர் பிறகு சொன்னார். தலைவர் தள்ளி நின்றார். சபையார் அத்தனை பேரும் குளித்த பசியோடு தாழ்வாரத்தில் நின்று நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். வறுமையைப் பற்றி அவர்கள் ஆழமாகச் சிந்தித்தது அன்றைக்குத்தான். நான் மூன்று தரம் சோறு வாங்கினேன். வெட்கப்படவில்லை, அதற்கு நேரமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து தென்காசி வீட்டின் பின்வாசலில் ஆச்சி எங்கள் தெருவுக்கு அரிசி அளந்தாள். சபையும் சும்மா இருக்கவில்லை. எண்ணெய்க் குளிக்குப் பிறகு நெசவாளர் முகத்தில் தெளிவு உண்டாகியிருப்பதாகத் தலைவர் ஒரு கூட்டத்தில் பேசி, மாலை வாங்கிக்கொண்டார். ஆச்சி கூட்டத்துக்குப் போகவில்லை. வெள்ளிதோறும் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "பால் வருதாட்டி?" கொஞ்ச நாள் கழித்து "வருது ஆச்சி" என்றேன். "அப்ப சரி" என்றாள். இனிமேல் அரிசி கிடையாதோ என்று பயந்துபோனேன். எப்போதும் போல அளந்து போட்டுவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை இன்றைக்கு ஐம்பதை நெருங்குகிறான். தொப்பையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் திட்டுகிறார்.

சபை சுதந்திரத்துக்குப் பிறகு தானாகக் கலைந்தது. பங்களா லாட்ஜாகிவிட்டது. எங்கள் தெருவில் தறிச் சத்தமும் ஓய்ந்துவிட்டது. அதற்காக நான் அழப்போவதில்லை, என் இடுப்புவலிக்கே அந்தத் தறிதான் காரணம். ஆச்சி காலமான பிறகு மகன்கள் பாகம் பிரித்தபோது பின்வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். போன மாசம் அந்தச் சந்து வழியாகப் போனேன். நீளச் சுவர், நெடுக போஸ்டர். பேச்சியக்கா இருந்திருந்தால் வாசல் இருந்த இடத்தைச் சரியாகக் காட்டியிருப்பாள். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் கையால் தடவிக்கொண்டே கடைசி வரை நடந்தேன். எந்த இடம் என்று பிடிபடவில்லை.