முழங்காலுக்குப் பின்னால்

குளுவாங் வட்டாரத்துக் கால்பந்து ஆட்டங்களில் விசில் ஊதும் தமிழ்ப் பெண் அப்போது நான் ஒருத்திதான். வார நாளில் செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், ஞாயிற்றுக்கிழமை நடுவர். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பதற்கில்லை.

முப்பதைத் தாண்டியதும் வலது கெண்டைக்கால் தொல்லை கொடுத்தது. சிறிது தூரம் ஓடினால் கல்லாக இறுகிப் பாதம் மரத்துப்போகும். நின்றால் விட்டுவிடும். போகப் போக, எங்கள் ஊரான லாயாங் லாயாங்கின் ரயில் நிலையத்தில் வேகமாக நடந்தாலே வலித்தது. கிளினிக்கில் தசைப்பிடிப்பு என்று தைலம் கொடுத்தார்கள். நடுவர் குழுத் தலைவரோ, இனி மேசை வேலை பார்க்கலாமே என்றார். என்னைவிட மூத்த ஆண்களிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

என் கணவர்தான் விடவில்லை. "ஓடுனா வருது, நின்னா போயிருது. இது தைலத்துக்கு அடங்கற வலி இல்ல லா. பெரிய டாக்டரப் பார்க்கலாம்" என்றார்.

ஜொகூர் பாருவில் ரத்தக்குழாய் நிபுணரிடம் போனோம். அவரும் தமிழர். சர்க்கரை இல்லை, புகைக்கும் பழக்கமில்லை, இந்த வயதில் அடைப்பு வருவது அரிது என்று யோசித்தவர், என் பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். நன்றாகத் துடித்தது. பிறகு முன்பாதத்தை அவர் கைக்கு எதிராகக் கீழே அழுத்தச் சொன்னார். துடிப்பு காணாமல் போனது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க ரத்தக்குழாய்ல அடைப்பு இல்ல. முழங்காலுக்குப் பின்னால ஒரு தசை பொறப்புலயே இடம் மாறி இருக்கு. ஓடறப்ப குழாய நெரிக்குது. இதோட இத்தன வருஷம் எப்படிங்க ஓடுனீங்க?"

பயத்தில் இருந்த நான் அந்தக் கேள்வியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தசையை வெட்டிக் குழாயை விடுவித்தார்கள். முதலில் நடை, பிறகு மெல்லோட்டம் என்று பல மாதம் பயிற்சி. நடுவர்களுக்கான ஓட்டத் தேர்வில் இளைஞர்கள் சிலர் எனக்குப் பின்னால்தான் முடித்தார்கள்.

ஆயர் ஈத்தாமில் மீண்டும் ஓர் ஆட்டம் கிடைத்தது. கடைசி நிமிடங்களில் ஒருவன் பெனால்டி கட்டத்துக்குள் எதிரணிக்காரனின் காலை வாரிவிட்டான். பெனால்டி கொடுத்தேன். வாரிவிட்டவனின் அணித் தலைவன் கோபத்தோடு ஓடிவந்தான். தவறு நடந்த இடத்துக்கு நான் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறேன் என்று பார்த்தான். தன் இடத்துக்குத் திரும்பிப் போனான்.