சுவரில் வைத்த கன்னம்

தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருந்த ஸ்கெலட்டனில், எங்கள் வீட்டு அடுப்படிக்குப் போகிற வழியில், சுவரில் ஓர் இடம் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். சுண்ணாம்பு அடித்தாலும் கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடும். என் நாத்தனார் கன்னத்தை வைத்து நிற்கிற இடம் அது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள். நடுவில் சிரிக்கவும் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்குத் தங்கை. நான் சொல்கிற காலத்தில் அவளுக்கு முப்பது வயது, ஆனாலும் வீட்டில் எல்லாருக்கும் பாப்பாதான். பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். பன் விற்கிறவர் தெருக்கோடியில் மணி அடித்தால் நமக்கு முன்னால் வாசலில் நிற்பாள். ஆனால் வாயில் ஒரு சொல் கிடையாது, யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டாள். எது வேண்டுமானாலும் நம் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன்மேல் வைப்பாள். தாகம் என்றால் குடத்தின்மேல், வெளியே போக வேண்டும் என்றால் தாழ்ப்பாளின்மேல். இதற்கு ஆட்டிசம் என்று பேராம், பேத்தி சொல்கிறாள். அன்றைக்கு அந்தப் பேர் எங்கள் யாருக்கும் தெரியாது. “எம்பொண்ணு கம்முனு இருப்பா, அவ்ளோதான்” என்பார் மாமியார்.

சுரங்கம் மூடுவதற்குச் சில வருஷம் முன்னால் ஒரு மத்தியானம். பாப்பா சுவரில் காதை அழுத்திக்கொண்டு அழுதாள். என் கையையும் இழுத்துச் சுவரில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வீடு குலுங்கிற்று, அலமாரியிலிருந்து தட்டுகள் உருண்டன. சுரங்கத்துக்குள்ளே பாறை வெடித்தால் மேலே எங்கள் வீடுகள் ஆடும். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டு சுரங்கக் குழி இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவோம், ஆட்களை மேலே தூக்கி வருகிற கேஜில் யார் யார் ஏறி வருகிறார்கள் என்று பார்க்க. அன்றைக்கு எல்லாரும் நல்லபடியாக வந்தார்கள். ஆனால் பாப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டாள் என்கிற பேச்சு எங்கள் லைன் வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது.

அதற்கப்புறம் காலை ஷிப்டுக்கு முன்னால் எங்கள் வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. “அக்கா, உன் நாத்தனா இன்னிக்கு சொவத்தண்ட நிக்கிறாளா?” நின்றாள்; தினமும் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் அதைச் சாக்காக வைத்துக் கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டார். “அவ நிக்காட்டியும் நீ போவ மாட்ட, எந்திரி” என்று அவர் பெண்டாட்டி முறத்தால் தட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் கிளம்பும்போது நானும் சுவர்ப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூக்குவாளியைக் கொடுத்தேன். பாப்பா இப்போது தலையைச் சுவரில் மோதினாள். கஞ்சி ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரிதாக என்னமோ வரப்போகிறது, அந்தப் பயத்தில்தான் சாப்பிடவில்லை என்று நினைத்தோம்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “இன்னா கேக்குது பாப்பா? கீழ சொரங்கத்துல எந்த லெவல்ல?” அவள் அவர் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். அவர் எடுத்தார். மறுபடி வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பாறையின் நாடி பார்ப்பதுபோல வெகுநேரம் வைத்திருந்தார்.

“ஜில்லுனு கீது. வேற ஒன்னியும் தெரியல.”

வீடு ஆடவே இல்லை. ஒரு காலையில் தலை வாரும்போது நாற்றம் அடித்தது. காதிலிருந்து சீழ் கழுத்துவரை வழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்குப் போட்டுப் பார்த்தார். உள்ளே கட்டி உடைந்துவிட்டது, அந்தக் காது இனிமேல் கேட்காது என்றார். “ரொம்ப நாளா வலிச்சிருக்குமே. இவங்க ஒன்னும் காட்டலியா?”

மாமியார் தலைகுனிந்து நின்றார். “சொல்லினேதாங்க இருந்தா.”

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தக் கறுத்த இடத்தில் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். நான் காப்பி கொண்டுபோனேன், வாங்கவில்லை.

சுரங்கம் மூடியாயிற்று. மாமியாரும் இல்லை, அவரும் இல்லை. வீட்டில் பாப்பாவும் நானும்தான், பேத்தி அவ்வப்போது வந்துபோவாள். அவள் அழுதால் தலையில் ஆரம்பித்து, காது, பல், வயிறு என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் கேட்பேன். “இங்கியா? இங்கியா?” ஓர் இடத்தில் என் கையைத் தள்ளுவாள், இன்னோர் இடத்தில் பிடித்து அழுத்திக்கொள்வாள். தள்ளுகிற இடத்தில் வலியா, பிடிக்கிற இடத்தில் வலியா, இந்த வயதுவரை எனக்குத் தெரியவில்லை. எண்ணெய் காய்ச்சி எல்லா இடத்திலும் தடவிவிடுவேன்.

போன வாரம் முட்டிவலியில் நான் முனகிக்கொண்டு கிடந்தேன். பாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து என் தலைமேல் வைத்தாள். பிறகு காதில், பல்லில், வயிற்றில். அதோடு நிறுத்திவிட்டாள்.

“முட்டி பாப்பா, முட்டி” என்றேன்.

மறுபடி என் கையைத் தூக்கித் தலையிலிருந்து ஆரம்பித்தாள்.