வெதுவெதுப்பான தரை

எங்கள் தீவில், கராச்சர்மா என்ற ஊரில் என் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு தகரச் சல்லடை தொங்குகிறது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, ஆணியால் ஓட்டை போட்டுச் செய்தது. மருமகள் இரண்டு முறை அதைத் தூக்கிப் போடப் பார்த்தாள். இரண்டு முறையும் என் வாய்க்குப் பயந்து திரும்ப மாட்டினாள். எண்பதை நெருங்கும் இந்த வயதிலும் அதை நானேதான் துடைத்து வைக்கிறேன்.

அதைச் செய்தவர் கரி மேஸ்திரி. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் நீராவி லாஞ்சுப் படகுகள் ஓடிய அறுபதுகளில், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி அவர் பொறுப்பு. ராமநாதபுரத்துக்காரர், செருப்பே போடாதவர். கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் அவர் எதையும் கடலில் கொட்ட விடமாட்டார். பாய்லர் சாம்பலைச் சலித்து, முழுதாய் எரியாத கரியைப் பொறுக்கி, களிமண்ணும் கஞ்சியும் சேர்த்து உருண்டை பிடித்து எங்கள் அடுப்புகளுக்குத் தருவார். மிஞ்சும் சாம்பலைப் பள்ளமான தரைகளுக்குப் போட்டு இடிப்பார். ஆனால் பத்து நாளாவது பரப்பி வைத்து, கையை உள்ளே விட்டுப் பார்த்த பிறகுதான் சாம்பல் ஒரு வீட்டுக்குள் வரும்.

எங்கள் குவார்ட்டர்ஸ் படகுத்துறை ஜெட்டிக்குப் பின்னால் சரிவில் இருந்தது. மழைக்காலத்தில் தரையில் நீர் கசியும். எனக்குத் தலைப்பிரசவம் ஆகி ஒரு மாதம். கணவர் லாஞ்சில் டிரைவர், பாதி நாள் வேறு தீவில் இருப்பார். குழந்தையின் துணி எதுவும் காயவில்லை. தரைக்குச் சாம்பல் போடச் சொல்லி மேஸ்திரியை நச்சரித்தேன். "இன்னும் ஆறல தங்கச்சி, சலிக்கவும் இல்ல" என்றார். "பிள்ளைக்கு ஜன்னி வந்தா நீங்களா பாப்பீங்க?" என்று கேட்டேன். மறுநாளே சாம்பலைக் கொண்டுவந்து போட்டு இடித்து, மேலே மண் மெழுகிக் கொடுத்தார்.

நாலைந்து நாளில் தரை வெதுவெதுப்பாகிவிட்டது. அதைப் பெரிய அதிர்ஷ்டமாக நினைத்தேன். துணிகளை அதன் மேலேயே விரித்து உலர்த்தினேன். மழையில் நடுங்கிய பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூட்டிவந்து உட்காரவைத்துப் பெருமையடித்தேன். எனக்கு ஓயாமல் தலைவலி. அடுப்புப் புகை என்று விட்டுவிட்டேன். குழந்தை அழுவதையே குறைத்துக்கொண்டு தூங்கித் தூங்கிக் கிடந்தான். சமர்த்துப் பிள்ளை என்று திருஷ்டி வேறு கழித்தேன்.

ஒரு மத்தியானம் உருண்டைக் கூடையோடு மேஸ்திரி வந்தார். உள்ளே ஓரடி வைத்தவர் அப்படியே நின்றார். வெறும் காலை ஒருமுறை தூக்கி மறுபடி வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"தங்கச்சி, தர எத்தன நாளா சுடுது?"

நான் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வாயெடுத்தேன். "பச்சாவத் தூக்கு, ஜல்தி" என்றவர், நான் அசைவதற்குள் தானே குழந்தையை வாரிக்கொண்டு மழையில் ஓடினார். பின்னால் ஓடினேன். குழந்தையின் தலை அவர் முழங்கைக்கு மேல் துவண்டு தொங்கியது. முகத்தில் மழை விழுகிறது, கண் திறக்கவில்லை. செத்துவிட்டான் என்றே நினைத்தேன். அவர் அவன் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், அதன்பின் அழுகை.

குழந்தையை என்னிடம் தந்துவிட்டுக் கடப்பாரையால் தரையைப் பெயர்த்தார். எரியாமல் மிஞ்சிய கரி உள்ளே செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. அதன் விஷக்காற்றைத்தான் நாங்கள் மூவரும் சுவாசித்துக்கொண்டு தூங்கியிருக்கிறோம்.

மாலையில் கணவர் வந்து கத்தியபோது, குவார்ட்டர்ஸ் லைனே கூடி நின்றது. "தப்பு என்னுது. ஆறாத சாம்பலப் போட்டுட்டேன்" என்றார் மேஸ்திரி. என் பக்கம் திரும்பவே இல்லை. நான் குழந்தையை அணைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். கணவர் அடித்துவிடுவாரோ என்று பயம். லைன் காறித் துப்புமோ என்று பயம். அதற்குப்பின் யாரும் அவரைத் தங்கள் தரைப்பக்கம் விடவில்லை. சில மாதம் கழித்து இந்தச் சல்லடையை என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். டீசல் லாஞ்சுகள் வந்ததும் ஊருக்கே கப்பலேறிவிட்டார்.

அந்தக் குழந்தை இப்போது மெயின்லேண்டில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் பெரிய என்ஜினீயர். சாம்பலில் செங்கல் அறுப்பது, தோண்டி முடித்த குழிகளைச் சாம்பலால் நிரப்புவது, அங்கே ஒன்றையும் வீணாக்காமல் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவது, இவைதான் அவன் வேலை. போன வாரம் லீவில் வந்தவன் சல்லடையைக் கழற்றிப் பார்த்தான்.

"இத எங்க ஆபீஸ்ல மாட்டப்போறேம்மா. கீழ எழுதியும் வைக்கணும், ஒரு மேஸ்திரியோட கவனக்குறைவால ஒரு குழந்தை சாகப் பாத்துச்சுன்னு. எல்லாருக்கும் பாடமா இருக்கும்."

எனக்கு அன்றைய தலைவலியே திரும்ப வந்தது போலிருந்தது. டைல்ஸ் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. அப்படியும் எழுந்திருக்கத் துணிவு வரவில்லை.

"மேஸ்திரின்னு எழுதாதடா" என்றேன். "ஆறலன்னு அவர் சொன்னாரு. அவசரப்படுத்தினது உங்க அம்மான்னு எழுது."

அவன் சல்லடையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.