நான் வாசிக்காத இரண்டாம் பாகம்

மூன்று வருடங்களுக்கு முன், நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, கற்பிட்டியில் எங்கள் ஊர் நூலகத்தில் தொடங்கியது இது.

அப்போது எனக்கு மூச்சுவிட நேரமில்லை. பாடசாலை விட்டதும் புத்தளத்துக்கு பஸ் ஏறி டியூஷன், வீட்டுக்கு வந்தால் பழைய வினாத்தாள்கள். ஆனாலும் நான் பெரிய வாசகி என்ற பெருமையை மட்டும் விடவில்லை. சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த நாட்களில் ஒரு நாவலின் முதல் பாகத்தை இரண்டே நாளில் முடித்தவள் அல்லவா! அந்தத் தைரியத்தில் இரண்டாம் பாகத்தையும் எடுத்து வந்தேன். நூலகத்தில் இருந்தது அந்த ஒரு பிரதிதான். மூன்று பக்கம் வாசித்ததோடு சரி. நான்கு மாதம் வினாத்தாள்களுக்கு அடியில் கிடந்தது. யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும் எடுத்து மேலே வைப்பேன்.

நினைவூட்டல் கடிதம் வந்த பிறகுதான் திருப்பிக் கொடுக்கப் போனேன். நூலகத்துக்குப் பொறுப்பான மிஸ் ஏசவில்லை. "வாசிச்சு முடிச்சிட்டீங்களா மகள்?" என்றுதான் கேட்டார். கொஞ்சமும் கூசாமல் "ஓம் மிஸ்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. கடைசில கதையில வாற அந்தப் புள்ளைக்கு என்ன நடக்குது? வெங்காயத் தோட்டத்தில கூலிக்குப் போற ராத்தா ஒருத்தவ இந்தப் புத்தகத்தக் கேட்டு நாலு தரம் வந்து போனா. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முந்தி வாசிச்சிரணும் எண்டு சரியான ஆசை. போன கிழமை போய்ட்டா. புத்தகத்தக் கொண்டுபோனவங்கள்ட்ட முடிவயாவது கேட்டுச் சொல்லுங்க எண்டு நம்பர் எழுதித் தந்திருக்கா."

அழுகையோடு உண்மையைச் சொன்னேன். மிஸ் புத்தகத்தையும் நம்பர் எழுதிய துண்டையும் என் பக்கம் தள்ளினார். "வாசிச்சிட்டு நீங்களே சொல்லுங்க."

முடிவை மட்டும் சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நம்பருக்கு அழைத்து ராத்தாவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் முதல், புத்தளம் பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் நேரத்தில், போனில் வாசித்துப் பதிவுசெய்து அவருக்கு அனுப்பினேன். இல்லை இல்லை என்று நான் சொல்லித் திரிந்த நேரம் அங்கேதான் இருந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அவரது குரல்பதிவு வந்தது. "மகள், பரீட்சைக்குப் பாடமாக்கிற மாதிரி ஓடுறீங்க. ஆறுதலா வாசிங்க. நான் இங்க உடுப்பு அயன் பண்ணக்குள்ள கேக்கிறன். அந்த நேரம் மட்டும் நம்மட ஊர்ல இருக்கிற மாதிரி."

அதன் பிறகு மெதுவாக வாசித்தேன். ஒரு வரி என்னையே நிறுத்தினால் நின்று, மூச்சு வாங்கி, அடுத்த வரிக்குப் போனேன். வருடக்கணக்கில் எனக்கு மறந்துபோயிருந்த வாசிப்பு அது.

இன்னும் மூன்று அத்தியாயங்கள் இருந்தபோது, நான் அனுப்பியவை அவருக்குப் போய்ச் சேராமல் நின்றன. அழைத்தாலும் கிடைக்கவில்லை. வேலை வீடு மாறினாரா, போனைப் பறித்துக்கொண்டார்களா, தெரியாது. மூன்றையும் வாசித்து அனுப்பிவிட்டுத்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றுவரை அவை அவரைச் சேரவில்லை.

இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன், வேலைக்குக் குறைவில்லை. ஆனால் வாசிக்க நேரமில்லை என்று யாரிடமும் சொல்வதில்லை, ஏனென்றால் ஒரு மனுஷி ஆசையோடு கேட்ட கதையின் முடிவு, என் நான்கு மாதச் சோம்பலால் அவருக்குக் கிடைக்காமலே போனது.