காட்டுப்பூனையை அழைத்தவர்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நோர்வேயில், வெஸ்ட்லி தொடர்மாடியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு நோர்வேஜிய வேட்டைக்காரர் இருந்தார். சட்டைப்பையிலிருக்கும் மரக்குழலைத் தடவியபடியேதான் பேசுவார். அதை ஊதினால் காயப்பட்ட முயல் கத்துவதுபோலிருக்கும். முயலைத் தின்னக் காட்டுப்பூனை வரும், அவர் சுடுவார்.

மகளின் பிறந்தநாளுக்கு வந்தவரை, அவர் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், விருந்தினர் முன் ஊதவைத்தேன்.

"ஐயோ, பிள்ளைக்கு என்ன நடந்தது?" என் மனைவி குசினியிலிருந்து மா பிசைந்த கையோடு ஓடிவந்தாள். எல்லோரும் சிரித்தோம்.

அவர் மட்டும் எழுந்து நின்றார். "காட்டில் இந்தக் குரலுக்கு யாரும் காப்பாற்ற வந்ததில்லை. உங்கள் மனைவியிடம் என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்" என்றார் என்னிடம்.

மனைவிக்கு அப்போது நோர்வேஜிய மொழி தெரியாது. "சும்மா பகிடிக்கு ஊதினவராம்" என்றேன்.

அவர் வீடு மாறும்வரை, லிஃப்டில் கண்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.