இருக்கிறாரா என்று கேட்கும் போன்

குப்பம்மாவுக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்ள, அவளிடம் ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கி, குப்பையின் பேரையே வைத்தார்கள். வேண்டாத பிள்ளை என்று எமன் ஏமாந்து போய்விடுவானாம். ஏமாந்துதான் போயிருக்க வேண்டும். சத்தியவேடு சந்தையில் இன்றைக்கும் அவளோடு பேரம் பேசினால் கடைக்காரர்தான் களைத்துப்போவார்.

புருஷன் வெங்கடசாமி. கடலைக் கொல்லையைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்ட பிறகு, அதே மண்ணில் எழும்பிய தொழிற்சாலைக்கு வாட்ச்மேன் ஆனார். மகன் பாபு பெங்களூருக்குப் போய்விட, வீட்டில் இவர்கள் இருவர்தான். இரண்டாயிரத்துப் பதினான்கில் அவருக்குச் சோறு இறங்காமல் போனது. வயிற்றில் புற்றுநோய் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் பாதி இரைப்பையை எடுத்தார்கள். எடுத்த சதையில் எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, யார் எத்தனை காலம் பிழைப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என அங்கே ஓர் ஆராய்ச்சி. வெங்கடசாமியையும் அதில் சேர்த்தார்கள்.

"இவருக்கு ஒரு புரதம் கூடுதலா இருக்கு. நோவு திரும்பி வரலாம். செக்கப்பை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

அதைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போன்தான் குப்பம்மாவைப் பயமுறுத்தியது. ஒரு பெண் தெலுங்கு வாடையோடு கேட்பாள்: "வெங்கடசாமிகாரு உயிரோட இருக்காராம்மா?"

இப்படியும் கேட்பார்களா ஒரு வீட்டில்? "இருக்காரு" என்று சொல்லும்போதே யாரோ ஒட்டுக்கேட்பதுபோல் இருக்கும். சொல்லிவிட்டு ஓடிப்போய் அவருடைய மூச்சைப் பார்ப்பாள். ஒருமுறை, அவர் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்துக் கிடந்த நேரத்தில் அந்தப் போன் வந்தது. பயத்தில் குப்பம்மா தன் அம்மா செய்ததையே செய்தாள்.

"அவரு பூட்டாரும்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். எமனும் கேட்டுக்கொள்ளட்டும்.

வாந்தி நின்றது. அவளுக்கு அப்படி ஒரு தெம்பு. ஆனால் செத்தவரைச் செக்கப்புக்கு எப்படிக் கூட்டிப்போவது? அவர் கேட்டபோதெல்லாம், "டாக்டர் ஊர்ல இல்லியாம்" என்று தள்ளிப்போட்டாள். அவரோ நாளுக்கு நாள் இளைத்தார்.

ஒரு மத்தியானம் குழாயடியில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வெங்கடசாமி எடுத்தார். ஈரக்கையோடு அவள் ஓடிவந்தபோது, போனைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"வெங்கடசாமி எந்தத் தேதில செத்தாருன்னு கேக்குறாங்க. ஆராய்ச்சிக்கு வேணுமாம். இன்னா சொல்ல?"

அவள் போனுக்குக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"நான் சாவப்போற தேதிய டாக்டர் உங்கிட்ட சொல்லிக்கீறாரு. அதான் என்னைச் செக்கப்புக்கு இட்டுக்கினு போவல. இல்ல?" என்றார்.

குப்பம்மா போனைப் பிடுங்கினாள். "இருக்காரும்மா! எதிர்லயே நிக்கிறாரு! நான்தான் பயந்துக்கினு பொய் சொல்ட்டேன்!" தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். உடனே கூட்டிவரச் சொன்னது போன்.

திருப்பதி பஸ்ஸில் அவள் அவருடைய கையை விடவே இல்லை. கண்டக்டர், "எத்தினி பேரு?" என்றார்.

"ரெண்டு பேரு" என்றாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.